கிராங்க் பவர் மீட்டருக்குத் தானியங்கி காலிபரேஷன்: எடைக்கல்லிலிருந்து வத்தல்மலை ஏற்றம் வரை

சைக்கிளை மிதிக்கும் பவரை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் மாட்டிய பலரும் சைக்கிள் கம்ப்யூட்டரில் 'காலிபரேட்' (அளவைச் சரிசெய்) என்று இருப்பதை அமுக்கிவிட்டால் கருவி முழுக்கச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் செய்வது ஒரே வேலைதான். யாரும் மிதிக்காதபோது சென்சார் காட்டும் எண்ணைப் புதிய பூஜ்ஜியமாக எழுதிக்கொள்கிறது. பெடலில் 20 கிலோவைத் தொங்கவிட்டால் அதை 20 என்று சொல்லுமா, 19 என்று சொல்லுமா என்பதை அது பார்ப்பதே இல்லை. தராசுத் தட்டில் ஏற்கெனவே ஒரு கல் கிடப்பது ஒரு கோளாறு, படிக்கல்லே எடை குறைவாக இருப்பது வேறு கோளாறு. முதல் கோளாறைக் கருவி தானாகவே திருத்திக்கொள்ளும்படி செய்யலாம். இரண்டாவதை மென்பொருளிடம் விடக்கூடாது என்பது என் கட்சி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

அலுமினியக் கிராங்கில், அதாவது பெடல் மாட்டும் தண்டில், தாங்களே ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகத்தின் நீட்சியை உணரும் மெல்லிய பட்டை) ஒட்டிப் பவர் மீட்டர் செய்ய நினைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து சைக்கிள்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடையில் வாங்கிய மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு எடைக்கல், பூஜ்ஜியம், மலைச் சோதனை ஆகிய பகுதிகள் போதும்.

கணக்கில் இரண்டு எண்கள்

1986-ல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபரர் எஸ்ஆர்எம் என்ற பவர் மீட்டரைத் தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. மிதிக்கும்போது உலோகம் மிக மிகக் கொஞ்சம் வளைகிறது, அந்த வளைவை ஸ்ட்ரெயின் கேஜ் மின்தடை மாற்றமாகக் காட்டுகிறது. அதை டார்க்காக, அதாவது முறுக்குவிசையாக மாற்றும் கணக்கு இவ்வளவுதான்:

டார்க் = (சென்சார் எண் − பூஜ்ஜியம்) × ஸ்லோப்

ஸ்லோப் என்பது சென்சாரின் ஓர் எண்ணுக்கு எவ்வளவு டார்க் என்று சொல்லும் பெருக்கி. இந்த டார்க்கைக் கிராங்க் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வாட். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் பெருக்கும் எண் (நொடிக்கு ரேடியனில்) 9.42. ஆகவே பூஜ்ஜியம் 1 நியூட்டன்-மீட்டர் தள்ளியிருந்தால் காட்டும் பவர் 9.4 வாட் தவறும். இடது கிராங்கில் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டரில் அதுவே கிட்டத்தட்ட 19 வாட். 150 வாட்டில் ஓட்டும் ஒருவருக்கு இது எட்டில் ஒரு பங்கு. ஸ்லோப் 2 சதவீதம் தவறினாலோ அதே 150 வாட்டில் பிழை 3 வாட்தான். அதனால் நேரத்தில் பெரும் பகுதியைப் பூஜ்ஜியத்துக்குச் செலவிடுங்கள்.

ஒட்டுவது

நான்கு கேஜ்கள் வேண்டும். கிராங்க் சுழலும் திசையில் முன்னே வரும் ஒடுக்கமான முகத்தில் இரண்டு, பின்முகத்தில் இரண்டு. மிதிக்கும்போது ஒரு முகம் நீளும், எதிர்முகம் சுருங்கும். பள்ளியில் படித்த வீட்ஸ்டன் சமனச் சுற்றில், ஒரே முகத்தில் உள்ள இரண்டும் எதிரெதிர்க் கைகளில் வர வேண்டும். மாற்றி இணைத்தால் ஒன்றையொன்று அழித்து, எண் அசையவே அசையாது.

கேஜ் வாங்கும்போது அலுமினியத்துக்கு ஏற்ற வெப்ப ஈடு கொண்டதா என்று பார்த்து வாங்குங்கள். எஃகுக்கானதும் அதே விலையில் கிடைக்கும், கடைக்காரர் கேட்காமல் எதையாவது கொடுப்பார். காரணம் இதுதான்: 20 கிலோ தொங்கும்போது சாதாரணக் கிராங்கின் மேற்பரப்பு நீள்வது லட்சத்தில் பத்து, இருபது பங்கு. அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு நீள்வது லட்சத்தில் 2.3 பங்கு. அப்படியானால் எட்டு, பத்து டிகிரி ஏறினால் வரும் நீட்சி, 20 கிலோ தொங்கவிட்டதற்குச் சமம். நான்கு கேஜும் ஒரே சூட்டில் இருந்தால் இது கழிந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் கழியாது. பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

350 ஓம் கேஜை விட 1000 ஓம் நல்லது. 3 வோல்ட்டில் முன்னது 8 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பின்னது 3 தான். பட்டன் செல்லில் ஓட்டுபவருக்கு இது பெரிய வித்தியாசம்.

பெயின்டையும் அனோடைஸ் பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அதற்குப் பிறகு கை படாமல் ஒட்டுங்கள். சூட்டையும் ஈரத்தையும் தாங்க எபாக்சி சிறந்தது. உடனடிப் பசை வேலையைச் சுலபமாக்கும், ஆனால் ஆயுள் குறைவு. மேலே சிலிக்கான் பூசும்போது புளிப்பு வாடை வரும் வகையைத் தவிருங்கள், அது செம்பை அரிக்கும். கிராங்கில் துளை போடுவது, அரத்தால் ராவுவது எதுவும் வேண்டாம். கார்பன் கிராங்க்கைத் தொடவே வேண்டாம்.

சில்லுகள்

கேஜ்களின் சிறு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற எச்எக்ஸ் 711 என்ற மலிவான 24 பிட் சில்லு போதும். ஆனால் கடையில் வரும் பெரும்பாலான பலகைகளில் அது நொடிக்கு 10 அளவீடு எடுக்கும்படி இணைக்கப்பட்டிருக்கும். 90 சுற்றில் மிதித்தால் ஒரு சுற்றுக்கு ஏழு அளவீடுகூடக் கிடைக்காது. சில்லில் ரேட் என்ற முனையை உயர் மின்னழுத்தத்தோடு இணைத்து 80-க்கு மாற்றுங்கள், சுற்றுக்கு 53 கிடைக்கும்.

சுழலும் வேகத்தை அளக்க எம்பியு 6050 போன்ற ஜைரோ சில்லு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. தொடக்க நிலையில் அதன் உச்ச அளவு நொடிக்கு 250 டிகிரி, அதாவது நிமிடத்துக்கு 41 சுற்றுதான். அதற்கு மேல் எவ்வளவு வேகமாக மிதித்தாலும் அதே எண்ணிலேயே நிற்கும். 1000 அல்லது 2000-க்கு மாற்றிவிடுங்கள். அதே சில்லிலுள்ள முடுக்கமானி கிராங்கின் கோணத்தைச் சொல்லும், ஆனால் நின்றிருக்கும்போது மட்டுமே அதை நம்பலாம். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 90 சுற்றில் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு வந்துவிடும்.

மூன்றாவதாக ஒரு வெப்ப சென்சார். அது கேஜ்களை ஒட்டிக் கிராங்கின் உள்பக்கம், உலோகத்தில் அழுந்தியபடி இருக்க வேண்டும். சில்லுப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி சொல்வது பெட்டியின் சூட்டை. கிராங்கின் சூடு வேறு.

எடைக்கல்லோடு ஒரு மாலை: ஸ்லோப்

ஜிம் தட்டுகளை நம்பாதீர்கள். மேலே 10 என்று எழுதியிருக்கும், உள்ளே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. நம் பக்கம் இதற்கு நல்ல வழி இருக்கிறது. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கம் மாங்காய் மண்டிகளிலும் பழைய மளிகைக் கடைகளிலும், எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு மூலையில் ஒதுங்கிய இரும்பு எடைக்கற்கள் கிடக்கும். முத்திரை ஆய்வாளர் குத்திய முத்திரை உள்ள கல்லாகப் பார்த்து இரவல் வாங்குங்கள். 20 கிலோ கல்லில் சில கிராம் முன்பின் இருக்கலாம், நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. துருப் பிடித்து உதிரும் கல் மட்டும் வேண்டாம். மாங்காய் சீசன் நடுவில் போய்க் கேட்டால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிளை ஆடாமல் நிறுத்தி, பின் பிரேக்கை ரப்பர் டியூபால் இறுகக் கட்டுங்கள். கிராங்கை முன்பக்கம் நோக்கிப் படுக்கையாக வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும். 5 டிகிரி சாய்ந்தால் பிழை 0.4 சதவீதம், 10 டிகிரி சாய்ந்தால் 1.5. கண்ணால் பார்த்து வைத்தாலே ஐந்துக்குள் வந்துவிடும், இருந்தாலும் ரசமட்டம் இருக்கும்போது எதற்கு வம்பு.

பெடலின் பலகையில் தொங்கவிடாமல், பெடல் அச்சில் நைலான் பட்டையால் தொங்கவிடுங்கள். பட்டையும் கொக்கியும் எவ்வளவு எடை என்று தனியாகப் பார்த்து அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். எடை இல்லாமல், 5, 10, 20, திரும்ப 10, 5, எடை இல்லாமல் என்று ஏறி இறங்குங்கள். ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறியுங்கள். இறங்கி வரும்போது அதே எடைக்கு வேறு எண் வந்தால் பசை சரியாகப் பிடிக்கவில்லை. இந்த நிலையில் எந்தக் கணக்கும் உதவாது, பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் வழி.

இப்போது கணக்கு. எல்லா இணையக் கால்குலேட்டர்களும் புவியீர்ப்புக்கு 9.81 போடும். தருமபுரி 12 டிகிரி அட்சரேகையில், கடல் மட்டத்துக்கு மேல் நானூற்றுச் சொச்சம் மீட்டரில் இருக்கிறது. இங்கே அது 9.78. வித்தியாசம் 0.3 சதவீதம். சின்னதுதான், ஆனால் செலவில்லாமல் நீக்கக்கூடிய பிழையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

170 மில்லிமீட்டர் கிராங்கில் 20 கிலோ: 20 × 9.78 × 0.170 = 33.25 நியூட்டன்-மீட்டர். எடை இல்லாதபோது 84,200, 20 கிலோவில் 7,49,200 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 6,65,000. 33.25-ஐ அதனால் வகுத்தால் ஸ்லோப் 0.00005, அதாவது ஒரு நியூட்டன்-மீட்டருக்கு 20,000 எண். இந்த இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்து முடித்துவிடாமல், எல்லா எடைகளுக்கும் நடுவாக ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோட்டை விட்டு 10 கிலோ மட்டும் விலகி நின்றால் பட்டை எங்காவது உரசியிருக்கும்.

கல்லைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொரு சோதனை. 20 கிலோவைப் பெடல் அச்சில் கிராங்கை ஒட்டி ஒரு முறை, வெளி நுனியில் ஒரு முறை தொங்கவிடுங்கள். டார்க் மாறக் கூடாது. 1 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 3 சதவீதத்தைத் தாண்டினால் கேஜ்கள் முகத்தின் நடுக்கோட்டை விட்டு விலகி, கிராங்கின் திருகலையும் பக்கவாட்டு வளைவையும் சேர்த்து அளக்கின்றன. அப்படியானால் காலை உள்ளே வைத்து மிதிக்கும்போது ஒரு பவர், வெளியே வைத்தால் வேறு பவர் என்று காட்டும்.

தானாகப் பூஜ்ஜியம் எடுக்க வைப்பது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். 'மிதிக்காமல் உருளும்போது டார்க் பூஜ்ஜியம், அப்போது எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கத் தோன்றும். பின்சக்கர ஹப்பில் இருக்கும் மீட்டருக்கு அது பொருந்தும். பல்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பைடரில் இருக்கும் மீட்டருக்கும் பொருந்தும், ஏனென்றால் செயினில் இழுப்பு இல்லை. கிராங்க் கையில் ஒட்டிய கேஜுக்குப் பொருந்தாது. தொப்பூர் இறக்கத்தில் பெடல் மேல் எழுந்து நின்று உருளும்போது செயின் சும்மா இருக்கும், ஆனால் இரண்டு கிராங்க் கைகளும் உங்கள் முழு எடையையும் ஆளுக்குப் பாதியாகத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பெடலின் சொந்த எடை. பெடலும் கிராங்கின் நுனியும் சேர்ந்து 300 கிராம் என்றால், படுக்கையாக நிற்கும்போது அரை நியூட்டன்-மீட்டர் டார்க் காட்டும். ஓட்டும்போது ஒரு சுற்றில் இது தானே கழிந்துவிடும். ஆனால் அந்த நிலையில் பூஜ்ஜியம் எடுத்துவிட்டால் அரை நியூட்டன்-மீட்டர் நிரந்தரமாகத் தங்கிவிடும், 90 சுற்றில் 4.7 வாட். கம்பெனிக்காரர்கள் கிராங்கைச் செங்குத்தாகக் கீழே நிறுத்திப் பூஜ்ஜியம் எடுக்கச் சொல்வது இதனால்தான். தானியங்கியாக எடுக்கும்போது கிராங்க் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பது நம் கையில் இல்லை, ஆகவே கோணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கிராங்கை முன்பக்கம் படுக்கையாக வைத்து ஒரு எண், பின்பக்கம் படுக்கையாக வைத்து ஒரு எண் எடுங்கள். இரண்டின் சராசரி உண்மையான பூஜ்ஜியம். வித்தியாசத்தில் பாதி பெடலின் எடை. பிறகு எந்தக் கோணத்திலும் அந்தப் பாதியைக் கோணத்தின் கொசைனால் பெருக்கிக் கழித்தால் போதும். பெடலை மாற்றினால் இதை மறுபடி எடுக்க வேண்டும்.

இனி நிரலுக்கான விதிகள்.

1. ஜைரோ எண்ணில் ஏற்ற இறக்கம் பத்து விநாடிக்கு அடங்கியிருக்க வேண்டும். ஜைரோவின் சொந்தப் பூஜ்ஜியமும் நகரக்கூடியது, அதனால் அது காட்டும் எண்ணைப் பார்க்காமல் எண் எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பாருங்கள்.

2. அதே நேரத்தில் டார்க் 0.05 நியூட்டன்-மீட்டருக்குள் ஆட வேண்டும். ஒருவர் சிக்னலில் ஒரு காலைப் பெடலில் வைத்து நின்றால் சக்கரம் அசையாது, ஆனால் டார்க் இந்த அளவுக்கு நிலையாக இருக்காது. உயிருள்ள கால் நடுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

3. வெப்பம் நிமிடத்துக்கு 0.3 டிகிரிக்கு மேல் மாறிக்கொண்டிருந்தால் தொடாதே.

4. கிடைத்த எண் எதிர்பார்த்த பூஜ்ஜியத்திலிருந்து 0.3 நியூட்டன்-மீட்டருக்குள் இருந்தால், பழையதில் ஒன்பது பங்கும் புதியதில் ஒரு பங்கும் கலந்து மெதுவாக நகர்த்து.

5. 0.3-க்கும் 2-க்கும் நடுவில் இருந்தால் ஏற்றுக்கொள்ளாமல் கோணத்தோடு சேர்த்துக் குறித்து வை. குறைந்தது 60 டிகிரி மாறிய இன்னொரு கோணத்திலும் அதே பூஜ்ஜியம் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்.

6. 2-ஐத் தாண்டினால் மாற்றாதே, எச்சரிக்கை மட்டும் காட்டு. போல்ட் தளர்ந்திருக்கும், இல்லை கேஜ் பிய்ந்திருக்கும்.

ஐந்தாவது விதி எதற்கு என்று கேட்கலாம். டீக்கடையில் சைக்கிளை நிறுத்தும்போது பெரும்பாலும் என்ன செய்கிறோம்? ஸ்டாண்ட் இல்லாத சைக்கிள், பெடலைப் படிக்கட்டு விளிம்பில் முட்டுக்கொடுத்து நிறுத்துகிறோம். கிராங்க் அசையாது, டார்க் நடுங்காது, முதல் இரண்டு விதிகளும் ஏமாந்துவிடும். ஆனால் இரண்டு வெவ்வேறு கோணத்தில் அதே பொய்யான எண் வருவது அரிது. இந்த ஒரு விதி இல்லாத தானியங்கிப் பூஜ்ஜியத்தை விட, கையால் பொத்தானை அமுக்குவதே மேல்.

ஓட்டிக்கொண்டே பூஜ்ஜியம் எடுக்க இன்னொரு வழி பின்னோக்கி மிதிப்பது. ஐந்து முழுச் சுற்று பின்னால் சுழற்றினால் செயினுக்கு இழுப்பு இல்லை, கால்களின் எடை ஒரு சுற்றில் கழிந்துவிடும். இரண்டு கிராங்கிலும் சென்சார் இருந்தால் கூட்டுத் தொகைக்கு இது நன்றாக வேலை செய்யும். இடது மட்டும் என்றால் ஒரு கால் மற்றக் காலைத் தள்ளிச் சுற்றும் வாய்ப்பு உண்டு, அந்தத் தள்ளல் பூஜ்ஜியத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் இறங்கி நின்று வலது கிராங்கைக் கையால் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றலாம். இடதில் கை படக் கூடாது.

வெயில்

மார்கழி விடியலில் தருமபுரியில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பலாம், சித்திரை மதியம் 37, 38 டிகிரி. வெயிலில் நின்ற கறுப்புக் கிராங்க் காற்றை விடச் சூடேறும். நான்கு கேஜ்களும் முழுக்க ஒத்துப்போவதில்லை, ஆகவே பூஜ்ஜியம் வெப்பத்தோடு நகரும்.

எவ்வளவு நகரும் என்பதைக் கற்றுக்கொடுக்க, விடியற்காலையில் சைக்கிளைத் தாழ்வாரத்தில் வெயில் படாமல் நிறுத்தி, மதியம் வரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தையும் எண்ணையும் பதியவிடுங்கள். 22 டிகிரியில் 84,200, 34 டிகிரியில் 90,200 என்று வந்தால் டிகிரிக்கு 500 எண், அதாவது 0.025 நியூட்டன்-மீட்டர். காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 3.5 வாட், இடது மட்டும் மீட்டரில் 7. இந்தக் கோட்டைச் சேமித்துவிட்டால், மேலே நான்காவது விதியில் சொன்ன 'எதிர்பார்த்த பூஜ்ஜியம்' கிடைத்துவிடும். ஒவ்வொரு முறை நல்ல பூஜ்ஜியம் கிடைக்கும்போதும் கோடு தன்னைத் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் சாய்வு மாற மாதங்கள் எடுக்க வேண்டும், உயரம் மட்டும் தினமும் நகரலாம்.

நேர் வெயில் வேறு கதை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு நெடுஞ்சாலை வடக்கு தெற்காகப் போகிறது. காலையில் தெற்கே வரும்போது கிழக்கு வெயில் இடது பக்கம். மாலையில் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் இடது பக்கமே. இடது கிராங்கில் மட்டும் மீட்டர் வைத்து இந்தப் பாதையில் வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு, கிராங்கின் வெளிமுகம் இரண்டு வேளையும் சுடும். சுழலும்போது முன்முகமும் பின்முகமும் மாறி மாறி வெயிலைப் பார்ப்பதால் பரவாயில்லை, நிறுத்தி வைத்தால்தான் ஒரு முகம் மட்டும் காயும். மூன்றாவது விதி இந்தச் சமயத்துக்காகத்தான். கேஜ்களுக்கு மேல் வெள்ளை டேப் சுற்றுவது அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

ஸ்லோப்பும் வெப்பத்தோடு கொஞ்சம் மாறும். அலுமினியம் சூடேற விறைப்பு குறையும், 25 டிகிரிக்குச் சுமார் 1 சதவீதம். விரும்பினால் கணக்கில் சேருங்கள், நான் இதற்கு மெனக்கெட மாட்டேன்.

மலையில் சரிபார்ப்பு

ஏற்றத்தில் பவரில் பெரும் பங்கு புவியீர்ப்பை எதிர்த்துச் செலவாகிறது, அதைக் காகிதத்தில் கணக்கிடலாம். தருமபுரி பக்கத்து வத்தல்மலைப் பாதை இதற்கு அருமை. தொப்பூர் வேண்டாம். சேலம் பக்கத்திலிருந்து ஏறுவது நல்ல ஏற்றம்தான், ஆனால் லாரிகளுக்கு நடுவே வாட் கணக்குப் பார்க்கும் இடம் அது இல்லை.

காற்றில்லாத காலையில், நீங்கள், சைக்கிள், தண்ணீர் பாட்டில், உடை எல்லாம் சேர்த்து எடை பாருங்கள். 80 கிலோ, 4 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம், 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 80 × 9.78 × 300-ஐ 1200 விநாடியால் வகுத்தால் 196 வாட். டயர் உருளும் தடைக்குச் சுமார் 13, காற்றுக்கு 7. செயினில் 2, 3 சதவீதம் இழப்பு. கிராங்கில் சராசரி 220 வாட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஏற்ற உயரத்தை வரைபடத்தின் உயரக் கோடுகளிலிருந்து எடுங்கள், போன் ஜிபிஎஸ் உயரத்தை நம்ப வேண்டாம்.

மீட்டர் 215, 228 என்று காட்டினால் சரி, விட்டுவிடுங்கள். டயர் அழுத்தமும் காற்றும் அந்த அளவு விளையாடும். 245 காட்டினால் முதலில் பூஜ்ஜியத்தைப் பாருங்கள், பிறகு கிராங்க் நீளம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இடது மட்டும் மீட்டரானால் உங்கள் கால்கள் சமமாக மிதிப்பதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம், அது கருவியின் குற்றம் இல்லை. இவை எதுவும் இல்லை என்றால் எடைக்கல்லுக்குத் திரும்புங்கள்.

மலைக் கணக்கை வைத்து மென்பொருள் தானாக ஸ்லோப்பை மாற்றிக்கொள்ளும்படி எழுத ஆசை வரும். கூடாது. ஒரு நாள் பின்காற்று, இன்னொரு நாள் முதுகுப் பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் என்று எல்லாப் பிழையும் ஸ்லோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்து உடம்பு தேறியதா, ஸ்லோப் நகர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 5 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து விலகினால் கருவி ஒரு செய்தி காட்டட்டும், அவ்வளவுதான்.

எடைக்கல் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். கிராங்கைக் கழற்றி மாட்டினால், கீழே விழுந்தால், மழையில் நன்றாக நனைந்தால் உடனே செய்யுங்கள். ஒவ்வொரு பூஜ்ஜிய மாற்றத்தையும் தேதி, நேரம், வெப்பம், கோணம், பழைய எண், புதிய எண், எந்த விதியால் ஏற்றது என்று ஒரு வரியாகச் சில்லின் நினைவகத்தில் எழுதி வையுங்கள். ஒரு வரிக்கு 20 பைட்கூட ஆகாது, பல மாத வரலாறு தாராளமாக அடங்கும்.